ஓடாத நாளில் மருதமலை ஏறலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். வயது 37. வங்கியில் அதிகாரி. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர் கொண்ட வீடு. இரண்டு வருடத்துக்கு முன்பு ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நடக்கத் தொடங்கியவர். நடை மெல்ல ஓட்டமாகி, போன வருடம் 10 கிலோமீட்டர் போட்டி ஒன்றை முடித்துவிட்டார். இப்போது டிசம்பரில் நடக்கும் கோவை மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறார். இன்னும் 14 வாரம் இருக்கிறது.

பயிற்சியாளர் போட்டுக்கொடுத்த அட்டவணைப்படி செவ்வாய் 7, வியாழன் 8, சனி 7, ஞாயிறு 16 கிலோமீட்டர். திங்கள், புதன், வெள்ளி ஓய்வு. "ஆனால் சும்மா இருந்தால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது டாக்டர்" என்று எழுதுகிறார். அதனால் திங்கட்கிழமை ஜிம்மில் கால்களுக்கான எடைப் பயிற்சி. புதன்கிழமை அலுவலகம் முடிந்து ஒரு மணி நேரம் பேட்மின்டன். வெள்ளிக்கிழமை விரதம், விடியற்காலையில் வெறும் வயிற்றோடு மருதமலைப் படி ஏறி இறங்கிவிட்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் வீடு கழுவுவது, ஒட்டடை, வாரத்து மாவு. "இன்னைக்குத்தான் ஓடப் போகலையே, அந்தப் பரணைக் கொஞ்சம் ஒதுக்கி வெச்சிரலாமில்ல?" என்று கணவர் கேட்பாராம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் 4.15-க்கு எழுந்துவிடுகிறார். படுக்க 11 மணி.

அவர் கேட்பவை நான்கு. ஓய்வு நாளில் உண்மையிலேயே ஒன்றும் செய்யக் கூடாதா? செய்யாவிட்டால் சேர்த்து வைத்த பலம் போய்விடாதா? ஓட்டக் குழுவில் ஒருவர் ஒருநாள்கூட விடாமல் ஓடுகிறாரே, எனக்கு மட்டும் ஏன் ஓய்வு? ஓடாத நாளில் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வது சரிதானே?

இவ்வளவையும் எழுதிவிட்டு, கடைசியில் இரண்டு விஷயம். வலது கணைக்காலின் உள்பக்கம் மூன்று வாரமாக வலி இருக்கிறது, ஞாயிறு ஓட்டத்துக்கு முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கிறார். அப்புறம், மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை, "உடம்பு இறுகினால் அப்படி ஆகும் என்று குழுவில் சொன்னார்கள்."

அந்தக் கடைசி இரண்டு விஷயத்தில் இருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

உங்கள் கால் வலியைப் பற்றி நீங்கள் தந்திருக்கும் விவரம் மிகத் தெளிவாக இருக்கிறது. முதலில் ஓட ஆரம்பித்ததும் வலித்து, ஒரு கிலோமீட்டரில் மறைந்தது. பிறகு ஓட்டம் முழுக்க இருந்தது. இப்போது மாடிப்படி இறங்கும்போதும் வலிக்கிறது, இரவில் படுத்த பிறகும் விண்விண் என்கிறது. விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலிக்கிறது. ஓடுபவர்களுக்குக் கணைக்காலில் வலி வருவது சாதாரணம். ஆனால் சாதாரண வலி எலும்பின் உள்ஓரம் நெடுக, ஒரு சாண் அளவுக்குப் பரவி இருக்கும், ஓய்வெடுத்தால் அடங்கும். ஒரே புள்ளியில் குத்தி, இரவிலும் தொடரும் வலியைக் கேட்டால் எங்களுக்கு முதலில் தோன்றுவது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது எலும்பில் முடியளவு விரிசல் அல்லது அதற்கு முந்தைய கட்டம். கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் சந்தேகப்பட இது போதும்.

அதனால் இன்றிலிருந்து ஓட்டம் இல்லை. பேட்மின்டனும் பிள்ளைகளோடு ஸ்கிப்பிங்கும் கூடாது. "ஒற்றைக்காலில் குதித்துப் பார், வலிக்காவிட்டால் ஓடலாம்" என்று யாராவது சொன்னால் அதையும் செய்ய வேண்டாம். அது நாங்கள் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய சோதனை. இந்த வாரத்துக்குள் ஓர் எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள். எக்ஸ்ரே எடுத்து "ஒன்றும் இல்லை" என்று வந்தாலும் அதோடு திரும்பிவிடாதீர்கள். முதல் சில வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. வலி இதே மாதிரி இருந்தால் எம்.ஆர்.ஐ. பற்றி நீங்களே கேளுங்கள், தவறில்லை.

வலி மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசப் போகிறேன். இரண்டு மணி நேரம் வியர்வை கொட்ட ஓடும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைகிறது. அந்த நேரத்தில் புரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் அதை இன்னும் குறைக்கும். வெறும் வயிறாக இருந்தால் குடலும் புண்ணாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்து என்று எலும்பு சொல்வது உங்கள் காதில் விழாமல் போகும். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நாள் ஓடக் கூடாத நாள்.

மாதவிடாய் நின்றது உடம்பு இறுகியதற்கு அடையாளமா?

இல்லை. இந்தத் தவறான நம்பிக்கை ஓட்டக் குழுக்களில் மட்டுமல்ல, சில பயிற்சியாளர்களிடமும் இருக்கிறது. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டால் காரணம் தேட வேண்டும். முதலில் ஒரு கர்ப்பப் பரிசோதனை. சிரிக்காதீர்கள், அதைத் தாண்டாமல் அடுத்ததுக்குப் போக மாட்டோம். பிறகு ரத்தத்தில் தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரோஜன் ஆகிய ஹார்மோன்களின் அளவு. கூடவே ஹீமோகுளோபின், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி. 40 வயதுக்கு முன் மாதவிடாய் நிற்பதை "வயசாகுது" என்று ஒதுக்க முடியாது.

இவையெல்லாம் சரியாக இருந்தால், உங்கள் கடிதத்திலேயே பதில் இருப்பதாக நினைக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் 38 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், எடை 52 கிலோ. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். ஆக, வாரத்துக்கு ஏறத்தாழ 2000 கலோரி. உங்கள் உடல்வாகுக்கு அது ஒரு முழு நாள் சாப்பாடு. அதாவது உங்கள் வாரத்துக்கு எட்டு நாள் சாப்பாடு வேண்டும். நீங்களோ வெள்ளிக்கிழமை விரதம், திங்களும் புதனும் "இன்று ஓடவில்லை" என்று இரவு இரண்டே சப்பாத்தி. கூட்டினால் ஏழு நாள் சாப்பாடுகூடத் தேறாது. பத்து மாதத்தில் 58 கிலோ 52 ஆனது இப்படித்தான். உயரத்துக்கு இந்த எடை சரிதானே என்று நீங்கள் நினைக்கலாம். எடை சரியாக இருந்தாலும் வரவும் செலவும் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

வரவு போதாத உடம்பு எதை முதலில் நிறுத்தலாம் என்று பார்க்கும். இதயத்தையும் மூளையையும் நிறுத்த முடியாது. அதனால் மூளை சினைப்பைக்கான சமிக்ஞைகளைக் குறைத்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, அதோடு எலும்பின் வலுவும் இறங்குகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு RED-S என்று ஒரு பெயரும் வைத்தது. ஆண் ஓட்டக்காரர்களுக்கும் இது வரும் என்பதையும் அப்போது சேர்த்துச் சொன்னார்கள். ஆக, உங்கள் கால் வலியும் நின்றுபோன மாதவிடாயும் நீங்கள் நினைப்பதுபோல் தனித்தனிச் சமாசாரங்களாக இல்லாமல் இருக்கலாம். டாக்டரிடம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். எலும்பு டாக்டரிடம் காலை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். மாதவிடாயை வரவழைக்க மாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம். ரத்தப்போக்கு வந்துவிடும், எலும்பின் குறை அப்படியே இருக்கும்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன்.

ஓய்வில் என்னதான் நடக்கிறது?

ஓடும்போது பலம் கூடுவதில்லை. ஓட்டம் இடிக்கிறது, பிறகு வரும் மணி நேரங்களில் உடம்பு கட்டுகிறது. தசை தன் புரதத்தைப் புதுப்பிக்கும் வேலை ஒரு கடின ஓட்டத்துக்குப் பின் ஒன்றிரண்டு நாள் மும்முரமாக நடக்கும். ஞாயிறு ஓட்டத்தில் காலியான கிளைகோஜன், அதாவது தசையில் சேமித்து வைத்த மாவுச்சத்து, திரும்ப நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலே 24 மணி நேரம் பிடிக்கும்.

எலும்பு இன்னும் மெதுவானது. ஊரில் ரோடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் தோண்டிப் போடுவார்கள், தார் ஊற்ற வெகுநாள் கழித்து வருவார்கள். எலும்பிலும் அதே கதைதான். பழைய பகுதியைச் சுரண்டி எடுக்கும் செல்கள் சில வாரத்தில் வேலையை முடித்துவிடும். புதிதாக நிரப்பும் செல்களுக்குச் சில மாதம் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். தோண்டிப் போட்ட ரோட்டில் லாரி விடாமல் இருப்பதற்குத்தான் ஓய்வு நாள். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு கால் தாங்குகிறது. பேட்மின்டனில் தாவி இறங்கும்போதும் அது போன்ற சுமைதான். நீங்கள் ஓடுவதற்குத்தான் ஓய்வு கொடுத்தீர்கள், கணைக்காலுக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் வெள்ளிக்கிழமையை நான் தாளில் எழுதிப் பார்த்தேன். ஐந்து மணி நேரத் தூக்கம், காலி வயிறு, 800-க்கும் மேற்பட்ட படிகள் ஏறி அதே படிகளில் இறக்கம், எட்டு மணி நேர அலுவலகம், நின்றபடியே மூன்று மணி நேர வீட்டு வேலை. அடுத்த நாள் 7 கிலோமீட்டர், அதற்கடுத்த நாள் 16 கிலோமீட்டர். உங்கள் வாரத்திலேயே கனமான நாள் அதுதான். செவ்வாய்க்கிழமை 7 கிலோமீட்டர் ஓடிவிட்டு வங்கிக்குப் போகிறீர்களே, அது இதைவிட லேசான நாள்.

ஓட்டம் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த வீட்டு வேலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓடாத நாளில் ஆண் ஓட்டக்காரர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு அடுத்த ஷூ எது என்று போனில் தேடுகிறார். பெண்ணுக்கு அந்த நாள் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் வந்து நிற்கும் நாள். கென்யாவின் எலியுட் கிப்சோகே, உலகின் மிகச் சிறந்த மாரத்தான் ஓட்டக்காரர்களில் ஒருவர், கப்டகாட் முகாமில் தானே கழிப்பறை கழுவுவார் என்று பெருமையாக எழுதுவார்கள். உண்மைதான். ஆனால் அங்கே முறை வைத்துக் கழுவுகிறார்கள். உங்கள் வீட்டில் அந்த முறைப் பட்டியல் இருக்கிறதா என்று உங்கள் கணவரிடம் கேட்டுப் பாருங்கள். ஓய்வு மருந்துச் சீட்டில் எழுதிய மருந்து மாதிரி, "டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார்" என்றே சொல்லுங்கள். தேவைப்பட்டால் இந்தப் பக்கத்தையே ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டலாம். பரணுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அவருக்கு அவசரமென்றால் ஏணி வீட்டிலேயே இருக்கும்.

சேர்த்த பலம் போய்விடாதா?

ஒன்றிரண்டு நாளில் எதுவும் போகாது. பத்து நாள் வரை ஓடாமல் இருந்தாலும் மூச்சுத் திறன் கொஞ்சம்தான் இறங்கும்; இரண்டு மூன்று வாரத்துக்கு மேல்தான் நன்றாகத் தெரியும், அதுவும் திரும்பி வரும். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடிய ரோஜர் பேனிஸ்டர் அப்போது மருத்துவ மாணவர். 1954 ஏப்ரலில் அவருடைய பயிற்சி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. கால் மைலைத் திரும்பத் திரும்ப ஓடும் பயிற்சியில் 61 விநாடிக்குக் கீழே வரவே முடியவில்லை. நண்பர் கிறிஸ் பிராஷரோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்காட்லாந்தின் கிளென்கோவுக்குப் போய்ச் சில நாள் பாறை ஏறினார். திரும்பி வந்து ஓடினால் 59 விநாடி. மே 6-ஆம் தேதி 3 நிமிடம் 59.4 விநாடியில் மைலை முடித்தார். அதற்கு முந்தைய ஐந்து நாளும் ஓடவில்லை. "அப்போ நான் மலை ஏறினால் மட்டும் தப்பா?" என்று கேட்பீர்கள். அவருக்கு 25 வயது, கால் எலும்பில் வலி இல்லை, வயிற்றைக் காயப்போட்டும் ஏறவில்லை.

தினமும் ஓடும் உங்கள் நண்பரைப் போல உலகத்தில் சிலர் உண்டு. பிரிட்டனின் ரான் ஹில் 1964 டிசம்பரில் இருந்து 2017 ஜனவரி வரை, 52 வருடம், ஒரு நாள்கூட விடாமல் குறைந்தது ஒரு மைலாவது ஓடினார். கடைசியில் ஓடும்போது நெஞ்சு வலித்ததால் நிறுத்தினார். 1970-இல் பாஸ்டன் மாரத்தானை வென்றவர். அவர் உடம்பு அவருக்குக் கொடுத்து வைத்தது. அந்த மாதிரிப் பழக்கம் கால்களைவிட மனத்தைத்தான் அதிகம் பிடித்துக்கொள்கிறது. செயலியில் தொடர் எண்ணிக்கை அறுந்துவிடுமே என்று காய்ச்சலோடு ஓடி என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் யோக்கியம் இல்லை. ஆடுதசையில் பிடிப்பு இருக்கும்போதே "மெதுவாகத்தானே" என்று ஓடி, இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நோயாளிக்கு எழுதிக்கொடுக்கும் அறிவுரை தனக்கு என்று வரும்போது ஏனோ கையெழுத்துப் புரியாமல் போகிறது.

சரியான ஓய்வு நாள் எப்படி இருக்கும்?

முதலில் தூக்கம். ஓடாத நாளில் 4.15 அலாரம் எதற்கு? ஆறு மணி வரை தூங்குங்கள். கடிதத்தில் நீங்கள் கேட்காத கேள்விக்கு இது பதில். ஆனால் இந்தப் பதிலில் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் ஏற்பேன் என்று நீங்கள் அடம்பிடித்தால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சும்மா படுத்தே கிடக்க வேண்டும் என்று இல்லை. கால் குணமான பிறகு ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று, சுமார் இரண்டரை கிலோமீட்டர், பேசிக்கொண்டே நடக்கலாம். நீந்தலாம், சைக்கிளை மெதுவாக மிதிக்கலாம். பாட்டு முணுமுணுக்க முடிகிற வேகமாக இருக்க வேண்டும். மூச்சு வாங்கினால் அது ஓய்வு இல்லை. "லாக்டிக் அமிலத்தை வெளியேற்ற" இப்படி நடக்கச் சொல்வார்கள். அது ஓடி முடித்து ஒரு மணி நேரத்திலேயே போய்விடுகிறது. மறுநாள், மூன்றாம் நாள் தெரியும் கால் வலி தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது. மெல்ல நடந்தால் அது இதமாக இருக்கும், அவ்வளவுதான். ஃபோம் ரோலர் என்கிற உருளையை வைத்துத் தசையைத் தேய்ப்பதும் அப்படியே. சுகமாக இருந்தால் செய்யுங்கள், அழுகிற அளவுக்கு அழுத்த வேண்டாம்.

எடைப் பயிற்சியை விடச் சொல்ல மாட்டேன். 37 வயதில் எலும்புக்கு அது மிகவும் தேவை. இடத்தைத்தான் மாற்ற வேண்டும். ஞாயிறு 16 கிலோமீட்டர் ஓடிய மறுநாள் அல்ல. செவ்வாய் அல்லது வியாழன், ஓடிய நாளின் சாயங்காலம். கடினமான நாள் கடினமாகவே இருக்கட்டும், லேசான நாள் உண்மையிலேயே லேசாக இருக்கட்டும். எல்லா நாளையும் நடுத்தரமாக ஆக்கிவிடுவதுதான் நம்மில் பலர் செய்யும் தவறு. பேட்மின்டன் பிடிக்கும் என்றால் ஓர் ஓட்ட நாளுக்குப் பதிலாக ஆடுங்கள்.

சாப்பாட்டை ஓய்வு நாளில் குறைக்கக் கூடாது. நேற்று ஓடியதற்கு உடம்பு இன்றுதான் சமைக்கிறது. உங்கள் எடைக்குத் தினமும் 65 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும். பவுடர் டப்பா வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. கொள்ளுப் பருப்பு, பாசிப்பயறு, முட்டை, தயிர், ஒரு கை நிலக்கடலை எல்லாவற்றையும் மூன்று வேளையிலும் பிரித்துச் சேர்த்தால் வந்துவிடும். சோற்றையும் பயந்து ஒதுக்க வேண்டாம், ஓட்டத்துக்கு எரிபொருள் அதுதான்.

விரதம் உங்கள் நம்பிக்கை. அதை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மாதவிடாய் திரும்பி வந்து எலும்பு ஆறும்வரை பால், பழம், பலகாரம் என்று வயிறு நிறைய எடுத்துக்கொள்ளும் விரதமாக அதை மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். மருதமலைக்கு மேலே வரை வண்டி போகிறது. முருகனைப் பார்க்கப் படியேறித்தான் வர வேண்டும் என்று இப்போதைக்கு அவர் எதிர்பார்க்க மாட்டார்.

டிசம்பர் போட்டி என்னாகும்?

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால், வலி அடங்கியதும் படிப்படியாகத் திரும்பலாம், நேரம் இருக்கிறது. விரிசல் என்று உறுதியானால், கணைக்காலின் உள்பக்க விரிசலுக்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரமாவது ஓட்டம் கிடையாது. அதற்குப் பின் வலியில்லாமல் வேகமாக நடந்து, ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை என்று ஆரம்பிக்க வேண்டும். மீதியிருக்கும் வாரங்களில் 21 கிலோமீட்டருக்குத் தயாராக முடியாது. அதை இப்போதே சொல்லிவிடுவதுதான் நியாயம். போட்டி நடத்துபவர்களிடம் தூரத்தை மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்குக் குழுவில் ஓடுபவர்களுக்குத் தண்ணீர் நீட்டுங்கள். அது உங்களுக்கு வலிக்கும், எனக்குத் தெரியும். விரிசலோடு ஓடி எலும்பு முழுதாக முறிந்தால் அடுத்த டிசம்பரும் போய்விடும்.

டாக்டரைப் பார்க்கக் கிளம்பும்போது வலிக்கிற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் இடம் மறந்துபோவது எல்லோருக்கும் நடக்கிறது. கடைசியாக மாதவிடாய் வந்த தேதி, போட்ட வலி மாத்திரைகளின் பெயர், இந்த மூன்று மாத ஓட்டக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வெள்ளிக்கிழமை என்னவெல்லாம் செய்கிறீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.